புரட்டாசியில் மதுரைக்கு வருகிறீர்களா? வானிலையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு கிளம்புங்கள்

கனடாவிலும் ஐரோப்பாவிலும் செப்டம்பர் கடைசியில் ஸ்வெட்டரை வெளியே எடுத்துவிடுவீர்கள். அதே நினைப்பில் மதுரைக்குப் பெட்டி கட்டாதீர்கள். இங்கே அது புரட்டாசி. பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும் என்று பெரியவர்கள் சொன்னது இந்த மாதத்தைத்தான், பல நாள் இரண்டும் ஒரே நாளிலேயே நடக்கும். பகலில் 36, 37 டிகிரி சாதாரணம், விமான நிலையம் பக்கம் அதற்கு மேலும் பதிவாகும், சாயங்காலம் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தால் ஒரு மணி நேரத்தில் தெரு முழுக்கத் தண்ணீர் நிற்கும்.

காரணம் இதுதான். தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதி மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவிலேயே கொட்டிவிடுகிறது, மதுரை மழை மறைவுப் பகுதியில் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித்தான் தொடங்கும். இடைப்பட்ட இந்த வாரங்களில் பெய்வது பெரும்பாலும் வெப்பச்சலன மழை: பகல் முழுக்கத் தரை சூடேறி, மதியத்துக்கு மேல் கொடைக்கானல், வருசநாடு மலைப்பக்கம் மேகம் திரண்டு, மேற்குக் காற்றோடு கிழக்கே நகர்ந்து வரும். அதனால்தான் அண்ணா நகரில் கொட்டும்போது திருநகரில் ஒரு சொட்டுகூட விழாமல் இருக்கும்.

கைப்பேசியில் ஏழு நாளைக்கும் வரிசையாக மழைப் படம் காட்டுகிறது என்று பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம். அந்தப் படம் இந்த மாதிரி மழைக்கு அவ்வளவாக உதவாது. சென்னை வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பைப் பாருங்கள். அதில் 'ஓரிரு இடங்களில்' என்று இருந்தால் அந்தப் பகுதியில் கால்வாசி இடத்துக்குள்தான் மழை இருக்கும் என்று அர்த்தம். 'பெரும்பாலான இடங்களில்' என்றால் முக்கால்வாசிக்கு மேல், அன்றைக்குத் திட்டத்தை மாற்றிவிடுங்கள். வாரம் முழுமைக்கும் ஒரு பொதுவான கணக்கு வைத்துக்கொண்டு, அன்றன்றைக்கு மதியம் 'அடுத்த மூன்று மணி நேரத்தில்' என்று வருகிற அறிவிப்பை நம்பி முடிவெடுப்பதுதான் சரி. மின்னலுக்கு 'தாமினி' என்று ஒரு அரசு ஆப் இருக்கிறது, வருவதற்கு முன்பே இறக்கிக்கொள்ளுங்கள். வயல்வெளி, குலதெய்வம் கோயில் என்று ஊர்ப்பக்கம் போகிறவர்கள் இடி கேட்டதும் மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும்.

அப்புறம் நாளை எப்படிப் பிரித்துக்கொள்வது? காலைதான் உங்களுக்கு. நேர மாற்றத்தில் எப்படியும் விடிவதற்கு முன்பே விழிப்பு வந்துவிடும், அதை வீணாக்காமல் மீனாட்சி அம்மன் கோயிலுக்குக் கிளம்பிவிடுங்கள். கல் தளம் குளிர்ந்திருக்கும், கூட்டமும் குறைவு. கோயிலுக்குள் இருக்கும் ஆடி வீதியில் பதினொரு மணிக்கு மேல் குழந்தைகளை வெறுங்காலில் நடக்க விட்டால் பாதம் பொசுங்கிவிடும். மதியம் நடை சாத்தியிருக்கும், அந்த நேரம் சாப்பிட்டு ஓய்வெடுங்கள். புரட்டாசி சனிக்கிழமை அழகர்கோவில் போகிறவர்களும் விடியற்காலையிலேயே புறப்படுவது நல்லது. மாலை வேலைகளை வீட்டுக்குப் பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மழை பெய்தால் எங்கே மாட்டுவீர்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். ரயில் பாதைக்கு அடியில் போகும் கர்டர் பாலம், மணிநகரம் சுரங்கப்பாதை இரண்டிலும் தண்ணீர் தேங்கும், வாடகைக் கார் ஓட்டுநர் 'போயிரலாம் சார்' என்று சொன்னாலும் சுற்றிப் போகச் சொல்லுங்கள். 2024 அக்டோபர் 25 அன்று ஒரே பிற்பகல் மழையில் செல்லூர் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. தேங்கிய தண்ணீரில் சாக்கடையும் கலந்திருக்கும், திறந்த குழி கண்ணுக்குத் தெரியாது, வடியும்வரை காத்திருங்கள்.

வைகையை மட்டும் மதுரை வானத்தைப் பார்த்து எடை போடக்கூடாது. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரும் தேனி மலைகளின் மழையும் ஆண்டிபட்டி அருகேயுள்ள வைகை அணைக்கு வந்து சேர்கின்றன. அணையில் 71 அடி வரை தண்ணீர் தேக்கலாம். நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் கரையோர மக்களுக்கு முதல் எச்சரிக்கை, 68.5-இல் இரண்டாவது, 69-இல் மூன்றாவது. அப்புறம் தண்ணீர் திறந்துவிட்டால், மதுரையில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஆறு இரு கரையும் தொட்டு ஓடும், யானைக்கல் தரைப்பாலத்தை அடைப்பார்கள், கரையோரச் சாலைகளிலும் தண்ணீர் ஏறும். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் பிள்ளைகளோடு இறங்கிப் படம் எடுக்கிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதைக்கிறது. பாலத்தின் மேலே நின்று ஆசை தீரப் பாருங்கள், இறங்க வேண்டாம். தேனிப் பக்கம் உள்ள கும்பக்கரை, சுருளி அருவிகளுக்கும் இதுதான் பொருந்தும்: நீர்வரத்து கூடினால் வனத்துறை குளிக்கத் தடை விதிக்கும், அதனால் கிளம்பும் அன்று காலையில் விசாரித்துக்கொண்டு போங்கள். சதுரகிரி மலைக்கோயிலுக்கு ஏறுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், வழியில் உள்ள ஓடைகள் மேலே பெய்த மழையில் திடீரென்று பெருகிவிடும்.

கொடைக்கானலுக்கு வண்டியில் போக இ-பாஸ் என்கிற இணையவழி அனுமதிச் சீட்டு கட்டாயம், முன்கூட்டியே பதிந்துகொள்ளுங்கள். ஸ்வெட்டர் அங்கே மட்டும் தேவைப்படும். திரும்பும்போது மதியத்துக்குள் மலையிறங்கத் தொடங்கிவிட்டால் மழையும் பனிமூட்டமும் சேர்ந்த கொண்டை ஊசி வளைவுகளில் மாட்ட மாட்டீர்கள்.

பெட்டியில் பருத்தித் துணி, நனைந்தாலும் கவலையில்லாத செருப்பு, குடை இருந்தால் போதும். இடி இடித்தால் கரண்ட் போகும், கைப்பேசியைச் சார்ஜ் போட்டே வையுங்கள். ஆம்புலன்ஸுக்கு 108, மாவட்ட பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077.

கடைசியாகக் கொசு. மழை விட்டதும் டெங்கு வரும், அந்தக் கொசு பகலில் கடிப்பது, ஆகவே ராத்திரி வலை மட்டும் போதாது. காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் தவிர ஆஸ்பிரின், இபுபுரூஃபன் எதையும் நீங்களாகப் போடாதீர்கள், மருத்துவரைப் பார்த்து ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஊர் திரும்பிய இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் கண்டால், தமிழ்நாட்டுக்குப் போய்வந்தேன் என்று அங்கே உங்கள் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.