தாள் நடுங்கிய நாள்

நாலு பேர் முன்னால் பெயரைச் சொல்லவே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். மேடையில் பேசப் பழகும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்பில் சேர்ந்தும் முதல் மூன்று கூட்டங்கள் கடைசி வரிசைதான். அப்புறம் 'ஐஸ் பிரேக்கர்' என்ற முதல் பேச்சு: நம்மைப் பற்றியே 4 முதல் 6 நிமிடம். கையிலிருந்த தாள் ஆடிய ஆட்டத்தில் எழுத்தே தெரியவில்லை. 4 நிமிடத்துக்கான பச்சை விளக்கு எரியும் முன்பே உட்கார்ந்துவிட்டேன். பேச்சில் தடுமாறிச் சொன்ன 'வந்து', 'ம்' மொத்தம் 23. (எண்ணுவதற்கென்றே ஒருவர் இருப்பார்!)

அடுத்த முறை தாள் வேண்டாம், சின்ன அட்டையில் ஐந்து சொற்கள் போதும் என்று முடிவு செய்தேன். முதல் இரண்டு வரி மட்டும் மனப்பாடம். முழுவதையும் உருப்போட்டால் ஒரு சொல் தவறினாலும் எல்லாம் போச்சு. 'ம்' வரும் இடத்தில் வாயை மூடி மூச்சு விட்டேன். தயாரிக்காமல் பேசும் டேபிள் டாபிக்ஸுக்கு நானே கை தூக்கினேன். கூச்சம் உடைந்தது அங்கேதான். நடுக்கம் இப்போதும் வரும், முதல் அரை நிமிடம்.