அம்மாவை இழந்த மகளும் அப்பாவும்: சிறுவர் சாகச நாவலில் எழுதுவது எப்படி?

சிறுவர் நாவல் எழுத ஆசைப்படுகிற பலர் முதலில் சாகசத்தை யோசித்துவிட்டு, அப்புறம் அதற்குள் ஒரு சோகத்தைச் செருகப் பார்க்கிறார்கள். நான் சொல்லப்போவது அதற்குத் தலைகீழான வழி. முதலில் துக்கம், அதிலிருந்து சாகசம். உதாரணத்துக்கு தனுஷ்கோடியை எடுத்துக்கொள்கிறேன், எனக்கு மனசுக்கு நெருக்கமான ஊர்.

படி 1: ஒரே ஒரு இரவைப் பிடியுங்கள்

1964 டிசம்பர் 22, செவ்வாய்க்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள்தான் பாக்கி. அன்று இரவு புயலில் கடல் ஊருக்குள் வந்தது, பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயிலை, உள்ளே இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு, அலை கொண்டுபோய்விட்டது. பாம்பன் பாலமும் உடைந்தது. நம் கதையில் அந்த ரயிலில் அம்மா இருக்கிறாள். மீனவரான அப்பாவும் பதினொரு வயது மகளும் மணல்மேட்டில் ஏறித் தப்பிக்கிறார்கள். பெயர்களைப் பிறகு வைத்துக்கொள்ளலாம், அவசரமில்லை.

படி 2: ஆளுக்கொரு ரகசியம் கொடுங்கள்

கதையின் உயிரே இங்கேதான் இருக்கிறது, இதற்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா எதற்காகப் பாம்பன் போனாள்? கிறிஸ்துமஸுக்குச் சிவப்பு ரிப்பன் வேண்டும் என்று மகள் காலையில் அடம்பிடித்தாள், அதனால்தான் அம்மா போனாள், தன்னால்தான் போனாள் என்று அந்தக் குழந்தை நம்புகிறது, யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவுக்கும் ஒன்று இருக்கிறது. வலைக்கு நூல் வாங்கி வரச்சொல்லி அவர்தான் அனுப்பினார். இரண்டு பேரும் ஒரே கூரைக்குள் ஒரே பாரத்தைத் தனித்தனியாகச் சுமக்கிறார்கள். மகளுக்கோ அப்பா அழாதது கோபம்.

எங்கள் வீட்டில் பாட்டி இறந்த மாதம் தாத்தா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, பழுதே இல்லாத சைக்கிளைத் தினமும் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பாட்டி மேல் பாசமே இல்லை என்று அப்போது நினைத்தேன். அந்தச் சைக்கிளைத்தான் உங்கள் அப்பா பாத்திரத்தின் கையில் கொடுக்க வேண்டும், இங்கே அது கிழிந்த வலை.

ரகசியம் உடையும் இடத்தைச் சின்னதாக எழுதுங்கள்:

"அப்பா, வலைய ஏன் பாதியில விட்டுட்டீங்க?"

"நூல் இல்ல புள்ள."

"வாங்கலாம்ல?"

"வாங்கத்தான் ஒங்கம்மா போனா."

இதற்குக் கீழே அவள் நெஞ்சு வெடித்தது, கண்ணீர் ஆறாய்ப் பெருகியது என்று ஒரு வரிகூட வேண்டாம். பத்து வயது வாசகர் இதைப் பிடித்துவிடுவார், நம்புங்கள்.

படி 3: அவர்கள் கைக்கு ஒரு வேலை

துக்கத்தில் இருப்பவர்களை உட்காரவைத்துப் பேசவைத்தால் கதை நின்றுவிடும். வரலாறே இங்கே நமக்கு வேலை தருகிறது. புயலுக்குப் பிறகு பாலத்தைச் சீரமைக்கும் பொறுப்பு இ. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளரிடம் வந்தது, 46 நாளில் முடித்தார். கடலில் விழுந்து கிடந்த கர்டர்களை, அதாவது பாலத்தைத் தாங்கும் இரும்பு உத்தரங்களை, தேடிக் காட்டியவர்கள் மீனவர்கள்! அந்தத் தேடலில் அப்பா ஒருவராக இருக்கட்டும், மகள் அவருக்குத் தெரியாமல் அவருடைய வல்லத்தில், அதாவது மீன்பிடிப் படகில், பாய்க்கு அடியில் ஒளிந்து ஏறட்டும். அவள் தேடுவது ரயில் பெட்டியை, அவர் தேடுவது கர்டரை.

ஒரு காட்சியையாவது கிட்டப் போய்ப் பாருங்கள். கயிற்றில் கல்லைக் கட்டி இறக்குகிறார்கள். மணலில் பட்டால் கயிறு மெத்தென்று தளரும், பாறையில் பட்டால் உரசும், இரும்பில் பட்டால் உள்ளங்கைக்குள் ஒரு அதிர்வு ஏறும். முதலில் அதை உணர்கிறவள் மகள். அது ரயிலா பாலமா என்று தெரியாத அந்தக் கணத்தில், அப்பாவின் கை அவள் கை மேல் வந்து கயிற்றைச் சேர்த்துப் பிடிக்கிறது. அவ்வளவுதான். இருவருக்கும் நடுவே மூன்று அத்தியாயமாக இருந்த சுவரில் இங்கே முதல் செங்கல் விழுகிறது.

படி 4: காலத்தைச் சரிபாருங்கள்

1964இல் இது மெட்ராஸ் மாநிலம், தமிழ்நாடு என்ற பெயர் 1969இல்தான் வந்தது. பிளாஸ்டிக் குடம் வைத்துவிடாதீர்கள், மண்குடமும் பித்தளைக் குடமும் போதும். ஊர்க்காரர்கள் அமைதியான வடக்குப் பக்கத்தைப் பெண் கடல் என்றும் சீறுகிற தெற்குப் பக்கத்தை ஆண் கடல் என்றும் சொல்வார்கள், இந்த ஒரு விஷயம் குழந்தைகளுக்குப் பத்துப் பக்க வர்ணனையைவிடப் பிடிக்கும்.

படி 5: முடிவு

புயலுக்குப் பிறகு தனுஷ்கோடி வாழத் தகுதியற்ற ஊர் என்று அறிவிக்கப்பட்டது, அதனால் வீடு திரும்புகிற முடிவு கிடையாது. அம்மா கிடைத்துவிட்டாள் என்று தயவுசெய்து எழுதாதீர்கள், அது அங்கே உண்மையாகவே யாரையோ இழந்தவர்களுக்குச் செய்கிற அநியாயம். அங்கே மணலைத் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். அந்த ஊற்றைத் தோண்ட அம்மாதான் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். கடைசி அத்தியாயத்தில், புதிய குடிசைக்குப் பக்கத்தில், மகள் அப்பாவுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும்: "இவ்வளவு ஆழமா தோண்டாதீங்கப்பா, உப்பாயிடும்." சிரட்டையில் அள்ளி முதலில் அவர் குடிக்கட்டும்.

சரி, நாவலை இப்போதே தொடங்க வேண்டாம். இன்று ராத்திரி படி 2இல் உள்ள நூல் காட்சியை மட்டும் உங்கள் பாத்திரங்களோடு பத்து வரியில் எழுதிப் பாருங்கள், அதில் துக்கம், சோகம், வேதனை மூன்று சொல்லும் வரக்கூடாது.