வைரத்தை ஸ்பாட்லைட்டுக்கு வெளியே பாருங்கள்

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலை நகைக்கடைகளின் ஸ்பாட்லைட்டில் எந்த வைரமும் ஜொலிக்கும். கடைக்காரரிடம் சொல்லி, கல்லை வாசலருகே பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நேர் மேலிருந்து பார்க்கையில் நடுப்பகுதி வழியே விரல் தெரிந்தால் கல்லின் ஆழம் குறைவு; ஒளி திரும்பாமல் அடிவழியே கசிகிறது. காரட்டைக் கூட்டுவதைவிட நல்ல பட்டைக்கு (கல்லை வெட்டித் தீட்டிய விதத்துக்கு) பணம் கொடுப்பதே மேல். 1 காரட் வெறும் 0.2 கிராம்தான். மஞ்சள் தங்கத்தில் பதிக்க டி நிறம் (நிறமே இல்லாத உச்சத் தரம்) தேவையில்லை, கிட்டத்தட்ட நிறமற்ற ஹெச் அல்லது ஐ தாராளம்.

சான்றிதழ் எண் பெரும்பாலும் கல்லின் விளிம்பில் லேசரால் பொறிக்கப்பட்டிருக்கும். 10 மடங்கு லென்ஸில் காட்டச் சொல்லி, ஜிஐஏ (வைரங்களுக்குத் தரச் சான்று தரும் அமெரிக்க அமைப்பு) சான்றிதழ் என்றால் அதை அதன் இணையத்தளத்தில் சரிபாருங்கள். வெப்பம் கடத்துவதை வைத்து வைரமா என்று காட்டும் சோதனைப் பேனா இயற்கைக் கல்லுக்குச் சாட்சி ஆகாது: பூமிக்குள் சுமார் 150 கி.மீ. ஆழத்தில் உருவானதும் ஆய்வகத்தில் வளர்ந்ததும் ஒரே கார்பன், வெப்பத்தை ஒரே மாதிரி கடத்தும்.