தற்செயலா, காரணமா? எண் ஒற்றுமையைச் சோதிக்கும் முறை

ஓர் எண் முழு எண்ணையோ எளிய பின்னத்தையோ மயிரிழையில் நெருங்கி நிற்பதைக் கண்டால், வியப்போடு நின்றுவிடாமல் அதற்குக் காரணம் உண்டா என்று சோதிக்க வேண்டும். பதினைந்து இலக்கம் காட்டும் கால்குலேட்டர் போதும். எடுத்துக்காட்டுகளுக்கு, பையின் தோராய மதிப்புகளைப் பற்றி ராமானுஜன் 1914-இல் வெளியிட்ட கட்டுரையையே எடுத்துக்கொள்வோம். தற்செயலும் காரணமும் அதில் அருகருகே இருக்கின்றன.

முதலில் 2143-ஐ 22-ஆல் வகுத்து, இருமுறை வர்க்கமூலம் எடுங்கள். 3.14159265258 வரும், பையோ 3.14159265359. இனி எதிர்த்திசையில் செல்லுங்கள். பையின் நான்காம் அடுக்கு 97.4090910340024, அதன் முழுப்பகுதியைக் குறித்துக்கொண்டு, எஞ்சும் தசமத்தின் தலைகீழியைக் கண்டு, அதன் முழுப்பகுதியையும் குறித்து, இப்படியே தொடர்ந்தால் 97, 2, 2, 3, 1 என்று சிறிய எண்களாகவே வந்து, அடுத்ததாகத் திடீரென 16539 நிற்கும். இப்படிக் குறித்த எண்களைக் கொண்டு அமைவதே தொடர் பின்னம். அதை இத்தகைய பேரெண்ணுக்குச் சற்று முன் வெட்டினால் கிடைக்கும் பின்னம் மிகத் துல்லியமாக அமையும். 2143/22 அப்படி வெட்டியதுதான். பொதுவாக இவ்வளவு பெரிய உறுப்பு 11,000 இடங்களுக்கு ஒருமுறைதான் வரும். ஆயினும், பையின் அடுக்குகள், மூலங்கள், மடக்கைகள் என்று துழாவக்கூடிய எண்கள் அத்தனையையும் கணக்கில் சேர்த்தால், அந்த அரிய தன்மை பெருமளவு கரைந்துவிடுகிறது. இதை அனுபவ முறையில் கண்டதாகவே ராமானுஜனும் எழுதியிருக்கிறார்.

அடுத்த சோதனை, உடன்பிறப்புகளைத் தேடுவது. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். ஆய்லர் எண்ணை (2.71828…) பை × √22 என்ற அடுக்குக்கு உயர்த்தினால் 2508951.99826 கிடைக்கும். அதை ஒட்டிய முழு எண் 1584-இன் வர்க்கத்தைவிட 104 குறைவு. 22-க்குப் பதிலாக 37-ஐ இட்டால் 14112-இன் வர்க்கத்தோடு 104 கூடுகிறது. 58-ஐ இட்டால் 156816-இன் வர்க்கத்தில் 104 குறைகிறது. ஒரே 104 மூன்று இடத்திலும் தலைகாட்டினால் அது தற்செயலாக இருக்க முடியாது. மாடுலர் சார்புகளின் (சில குறிப்பிட்ட மாற்றங்களுக்கு உட்பட்டாலும் மதிப்பு மாறாத, சமச்சீர் மிக்க சார்புகளின்) விரிவில் இந்த அடுக்கும், ஒரு மாறிலியும், 4372-ஐ அதே அடுக்கால் வகுத்த சிற்றுறுப்பும் சேர்ந்து ஏறக்குறைய முழு எண்ணாகின்றன. ஆகவே எஞ்சும் குறைவையும் முன்கூட்டியே சொல்லலாம்: 4372-ஐ 2508952-ஆல் வகுத்தால் 0.00174, மேலே விடுபட்ட அதே அளவு.

58-க்கு மட்டும் கூடுதல் இலக்கங்கள் காட்டும் கருவி வேண்டும். அதன் மதிப்பு 24591257751.99999982, பதினைந்து இலக்கக் கால்குலேட்டர் அதை முழு எண் என்றே காட்டிவிடும்.