தொலைதூர டார்ச்: லூமனைப் பார்க்காதீர்கள், கேண்டெலாவை அளந்து பாருங்கள்

டப்பாவில் கொட்டை எழுத்தில் இருப்பது லூமன், அதாவது டார்ச்சிலிருந்து வரும் மொத்த ஒளி. தூரத்தில் நிற்பவர் தெரிவாரா என்பதை அது சொல்லாது. அதற்குக் கற்றையின் நடுவில் ஒளி எவ்வளவு செறிந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். அந்த அளவுதான் கேண்டெலா. ஆழமான ரிஃப்ளெக்டரும் சிறிய எல்இடியும் கொண்ட 1,000 லூமன் டார்ச், பரவலாக அடிக்கும் 5,000 லூமன் டார்ச்சைத் தூரத்தில் எளிதாக மிஞ்சும்.

டார்ச்சுகளுக்கான எஃப்எல்1 என்ற தரநிலையின்படி, நடுக்கற்றையின் வெளிச்சம் 0.25 லக்ஸாகக் (ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவுதான் லக்ஸ்) குறையும் இடம்வரைதான் டார்ச்சின் தூரம். ஏறத்தாழ பௌர்ணமி நிலவொளி அளவு. கணக்கு சுலபம்: கேண்டெலாவின் வர்க்கமூலத்தை 2-ஆல் பெருக்கினால் மீட்டர் வரும். 1,500 மீட்டர் அடிக்கும் என்று எழுதியிருந்தால் 5,62,500 கேண்டெலா இருந்தாக வேண்டும். எண்கள் ஒத்துவராவிட்டால், அல்லது கேண்டெலாவே அச்சிடாவிட்டால், டப்பாவை அங்கேயே வைத்துவிடுங்கள்.

வாங்கிய பிறகு நீங்களே அளக்கலாம். சென்னை ரிச்சி தெருவில் ஒரு சாதாரண லக்ஸ் மீட்டரும் மல்டிமீட்டரும் வாங்கினால் போதும். போனில் இருக்கும் லக்ஸ் ஆப் இரண்டு டார்ச்சுகளை ஒப்பிட ஓரளவு உதவும். அதன் எண்ணை நம்ப முடியாது. லித்தியம்-அயன் செல்லை முழுதாகச் சார்ஜ் செய்து 4.15 முதல் 4.2 வோல்ட் வரை இருக்கிறதா என்று பாருங்கள். இருட்டான மொட்டை மாடியிலோ பார்க்கிங்கிலோ டேப் பிடித்து 10 மீட்டர் குறியுங்கள். டார்ச்சை அணைத்துவிட்டுச் சுற்றுப்புற வெளிச்சத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதைக் கழிக்க வேண்டும். டார்ச்சைப் போட்டு 30 வினாடி கழித்து, கற்றையை மீட்டர் மேல் மெதுவாக நகர்த்தி அதிகபட்ச எண்ணை எடுங்கள். அதை 100-ஆல் பெருக்கினால் கேண்டெலா. 400 லக்ஸ் காட்டினால் 40,000 கேண்டெலா. தூரம் 400 மீட்டர்.

பெரிய தலை டார்ச்சுகளின் கற்றை 10 மீட்டரில் முழுதாகக் குவிந்திருக்காது. 20 மீட்டரிலும் அளந்து 400-ஆல் பெருக்குங்கள். இரண்டும் வேறுபட்டால் தொலைவில் எடுத்ததே சரி. தூரச் சுவரில் அடிக்கும்போது நடுப்புள்ளியில் கருந்துளை தெரிந்தால் எல்இடி குவியத்தில் இல்லை. மாற்றித் தரச் சொல்லுங்கள்.

இனிதான் முக்கியமான சோதனை. அதே இடத்தில் 1, 3, 5, 10 நிமிடங்களில் மறுபடி லக்ஸ் எடுங்கள். உடல் சூடானதும் டார்ச் தானாக ஒளியைக் குறைக்கும், மே மாதத்துக் காற்றில்லாத சென்னை இரவில் இன்னும் சீக்கிரம் குறைக்கும். ஃபேன் காற்றில் வைத்து அளந்தால் முடிவு ஏமாற்றும். கையில் பிடித்தே அளங்கள். குறைவதைக் கண்டு பயப்படவும் வேண்டாம். ஒளி பாதியானால் தூரம் சுமார் 30 சதவீதம்தான் குறையும்: 400 மீட்டர் 283 ஆகும். பத்தாவது நிமிடத்தில் கால்வாசிக்கும் கீழே போகும் டார்ச்சை, தொடர்ந்து தேட வேண்டிய வேலைக்கு வாங்காதீர்கள்.

அச்சிட்ட தூரத்தில் ஆள் அடையாளம் தெரியாது. 400 மீட்டர் டார்ச் 200 மீட்டரில் 1 லக்ஸ், 100 மீட்டரில் 4 லக்ஸ் தரும். பாதித் தூரத்தைத்தான் கணக்கில் கொள்ளுங்கள். கடலோர ஈரப்பதமோ மார்கழிப் பனியோ இருந்தால் அதுவும் குறையும். கண்ணுக்கு அருகே சிதறும் ஒளி பார்வையை மறைத்துவிடும். அப்போது டார்ச்சைக் கண் மட்டத்தில் பிடிக்காமல் இடுப்பளவில் பிடித்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

வெளியில் சோதிக்க, மாமல்லபுரம் தாண்டித் தெருவிளக்கு இல்லாத இடம் நல்லது. மேப்பில் தூரம் அளந்துகொண்டு போங்கள். ஜனவரி முதல் மே வரை பெசன்ட் நகர், நீலாங்கரை மணலில் அடிக்காதீர்கள். பங்குனி ஆமைகள் முட்டையிட வரும், பொரிந்த குஞ்சுகள் ஒளியை நோக்கித் திசைமாறி ஊர்ந்துவிடும். மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்களின் பக்கம் ஒருபோதும் திருப்பக் கூடாது.

டார்ச் சரியில்லை என்று திட்டுகிறவர்களில் பலருக்குப் பிரச்சினை பேட்டரியில் இருக்கும். 18650 செல்லில் (18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளமுள்ள லித்தியம்-அயன் செல்) பொதுவாக 3,500 எம்ஏஹெச் சுற்றிதான் இருக்கும். 9,900 என்று அச்சிட்டிருந்தால் பொய். தராசில் வையுங்கள்: நல்ல 18650 செல் 45 முதல் 50 கிராம், சற்றுப் பெரிய 21700 செல் 70 கிராம் அளவில் இருக்கும். மின்னோட்டமும் பாருங்கள். 10 ஆம்பியர் கேட்கும் டார்ச்சில் 5 ஆம்பியர் செல் போட்டால், டர்போ என்ற உச்ச வெளிச்சம் நிற்காது, அல்லது பாதுகாப்புச் சுற்று சட்டென்று துண்டித்துவிடும்.

உப்புக்காற்று இங்கே டார்ச்சின் எமன். கடற்கரை போய்வந்தால் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, பின்மூடி மரையையும் ஓ-ரிங் ரப்பர் வளையத்தையும் சுத்தம் செய்து சிலிகோன் கிரீஸ் தடவுங்கள். பையில் போடும் முன் பின்மூடியைக் கால் சுற்று தளர்த்திவிட்டு, சுவிட்சை அழுத்தி எரியவில்லை என்று உறுதி செய்யுங்கள். பைக்குள் தவறி எரிந்தால் துணி கருகும் அளவுக்குச் சூடாகும்.