ஆடிப்பெருக்குக்கு ஊருக்குப் போகிறீர்களா?

ஆடி 18 பெரும்பாலும் ஆகஸ்ட் 3 அன்று வரும். சில ஆண்டுகளில் ஆகஸ்ட் 2. நாள் முன்கூட்டியே தெரிந்துவிடுவதால் விமான டிக்கெட் எடுப்பது சுலபம். ஆற்றில் தண்ணீர் எப்படி இருக்கும் என்பதைத்தான் கடைசி வாரம் வரை யாராலும் சொல்ல முடியாது.

மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. பாசனத்துக்கு ஜூன் 12 அன்று திறப்பது மரபு. நீர் இருப்பு குறைந்தால் அது தள்ளிப்போகும். 2024-இல் ஜூலைக் கடைசியில்தான் திறந்தார்கள். அதற்குள் கர்நாடகத்தில் பெய்த மழையால் சில நாட்களில் அணை நிரம்பி, ஆடி 18 அன்று காவிரி கரைபுரண்டு ஓடியது. பல இடங்களில் ஆற்றில் இறங்கத் தடை விதித்தார்கள். ஆகவே ஜூலை நடுவிலிருந்தே நாளிதழில் வரும் மேட்டூர் நிலவரத்தைப் பாருங்கள். தடை இருந்தால் காவலர் காட்டும் மேல்படியிலேயே பூசையை முடித்துக்கொள்ளுங்கள். தூரத்திலிருந்து வந்திருக்கிறோம் என்று வாதாடி இறங்கவேண்டாம். பழக்கமில்லாத கால் பாசிப் படியில் நிற்காது.

திருச்சிக்கு நேராக விமானம் கிடைத்தால் அதுவே நல்லது. சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, துபாய் ஆகிய ஊர்களிலிருந்து வரலாம். சென்னையில் இறங்குகிறவர்கள் ரயிலுக்கு 60 நாள் முன்பே பதிவு செய்யவேண்டும். டிக்கெட்டில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். ஆற்றங்கரைக் கடைகளுக்குப் பத்து, இருபது ரூபாய்த் தாள்களாகச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே போவது? ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் எல்லோரும் சொல்லும் இடம். ராஜகோபுரத்திலிருந்து நடந்தே போய்விடலாம். ஸ்ரீரங்கம் கோயில் உற்சவரான நம்பெருமாள் அங்கே எழுந்தருளி, தங்கையாகக் கருதும் காவிரிக்குப் பட்டும் மாலையும் தாம்பூலமும் சீராகக் கொடுப்பதை ஒருமுறையாவது பார்க்கவேண்டும். சில ஆண்டுகளில் இந்தச் சீர் ஆடி 28-க்கு மாறும் என்பதால் கோயிலில் கேட்டுவிட்டுத் திட்டமிடுங்கள். ஆனால் கூட்டம் நெருக்கித் தள்ளும். கைக்குழந்தையோ முதியவரோ உடன் வந்தால் நான் திருவையாற்றுப் புஷ்ய மண்டபப் படித்துறையைத்தான் சொல்வேன். கொங்குப் பக்கத்தவர்களுக்குப் பவானி கூடுதுறை இருக்கிறது. தீரன் சின்னமலை நினைவு நாளும் ஆடி 18 என்பதால் அன்று ஈரோடு, சங்ககிரிச் சாலைகளில் நெரிசல் கூடும், விடியலிலேயே கிளம்புங்கள். இவை எல்லாவற்றையும்விட, உங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு சிறு படித்துறை இருந்தால் அங்கேயே போங்கள். நீங்கள் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்க அங்கே ஒரு பாட்டி இருப்பார்.

வேடிக்கை பார்க்க மட்டும் போகாதீர்கள். காவிரி அன்று மசக்கைக்காரி. அவள் வாய்க்கு ருசியாகக் கொடுக்கத்தான் சித்திரான்னம். புளியோதரை, எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம் என்று நான்கு வகை போதும். காப்பரிசிக்குப் பச்சரிசியை ஊறவைத்து வெல்லம், தேங்காய்ப் பல், பொட்டுக்கடலை, எள் சேர்த்துக் கலக்கவேண்டும். காதோலை கருகமணி, மஞ்சள், குங்குமம், மஞ்சள் கயிறு, வெற்றிலை பாக்கு, பூ, பழம் எல்லாம் ஆற்றுக்குப் போகும் வழியிலேயே விற்கும். படியைக் கழுவிக் கோலமிட்டு, மஞ்சளில் பிள்ளையார் பிடித்து, வாழையிலையில் இவற்றைப் பரப்பிக் கற்பூரம் காட்டி, பிறகு ஆற்றில் விடுவார்கள். வயதில் மூத்த சுமங்கலி ஒருவர், பெண்களுக்குக் கழுத்திலும் மற்றவர்களுக்குக் கையிலும் மஞ்சள் கயிறு கட்டிவிடுவார். உடன் யாரும் இல்லையென்றால் பக்கத்துக் குடும்பத்திடம் கேளுங்கள். சிங்கப்பூரில் பிறந்த என் மகளுக்கு முதல் கயிற்றைக் கட்டியவர் எங்களுக்கு முன்பின் தெரியாத ஓர் அம்மா. கட்டி முடித்ததும் அவளைத் தன் பேத்திகளோடு உட்காரவைத்து, கையில் ஒரு உருண்டை புளியோதரையும் கொடுத்தார்.

புதுமணத் தம்பதியருக்கு இரண்டு சொல். கல்யாணம் ஊரில் நடந்திருந்தால் அந்த மாலையை அம்மா வீட்டிலேயே பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். அதை ஆற்றில் விடவேண்டும். தாலி பிரித்துக் கோர்ப்பதை வீட்டிலேயே செய்துவிடுங்கள். படியில் பிரிக்கும்போது ஒரு பெண்ணின் கையிலிருந்து குண்டுமணி நழுவித் தண்ணீரில் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். நல்ல நாளில் அவள் அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது.

பிளாஸ்டிக் பையையும் பழைய துணியையும் ஆற்றில் போடாதீர்கள். காவிரி பிள்ளைத்தாய்ச்சி என்று சொல்லிக்கொண்டே அதைச் செய்ய எப்படித்தான் மனம் வருகிறதோ.

தண்ணீரே வராத ஆண்டாக இருந்தாலும் பயணத்தை ரத்து செய்யவேண்டாம். ஆறில்லாத ஊர்களில் கிணற்றுக்கும் குளத்துக்கும் பொட்டு வைத்துப் படைக்கிறார்கள். வீட்டுக் குழாயடியில் ஒரு குடம் தண்ணீர் பிடித்து வைத்துக் கும்பிடுகிறவர்களும் உண்டு. வறண்ட ஓர் ஆடியில் என் அத்தை மணலில் சிறு ஊற்று தோண்டினார். கசிந்து ஊறிய அந்தக் கையகல நீரில் மஞ்சளைக் கரைத்து, காதோலையை ஓரத்தில் வைத்து, 'அடுத்த வருஷம் வந்துவிடு தாயே' என்றார்.