பருக்கைய எண்ணாதீங்க, பானைய எண்ணுங்க: குரூப் கம்பேர் பண்ணும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் காரைக்குடியில ஒரு தம்பி லேப்டாப்ப தூக்கிக்கிட்டு வீட்டுக்கே வந்துட்டாரு, எம்.எட் தீசிஸ். "அண்ணே, பி வேல்யூ 0.001 வந்திருக்கு, நல்லாருக்குல்ல?"ன்னாரு. பி வேல்யூன்னா, நெசத்துல வித்தியாசமே இல்லைன்னா தற்செயலா இவ்வளவு வித்தியாசம் வர்றதுக்கான வாய்ப்பு, 0.05க்குக் கீழ வந்தா வித்தியாசம் இருக்குன்னு எழுதுவாங்க. ஒரே ஸ்கூல்ல ஏ செக்‌ஷனுக்கு புது முறையில பாடம், பி செக்‌ஷனுக்கு பழைய முறை, செக்‌ஷனுக்கு 40 பசங்க, மொத்தம் 80 மார்க்கையும் போட்டு ஒரு டி-டெஸ்ட், அதாவது ரெண்டு குரூப்போட சராசரிய ஒப்பிடுற சோதனை. பாத்ததும் எனக்கு வயித்த கலக்கிருச்சு, ஏன்னா இதே தப்ப பண்ணி நாலு மாசத்த தொலைச்சவன் நான்.

மீனுக்கு (சராசரிக்கு) பதிலா மீடியன் (நடு எண்) எழுதுறது, எக்செல்ல ஒரு சைபர் கூட அடிக்கிறது, இதெல்லாம் இங்க எழுதல, யாராச்சும் பாத்து சொல்லிருவாங்க. யாரு கண்ணுலயும் படாம வைவா வரைக்கும் போற தப்புங்க மட்டும்தான் இங்க.

பருக்கைய எண்ணிட்டு பானைன்னு சொல்றது

என் ப்ராஜெக்ட் ஆத்தங்குடி கல்லு, தரையில பதிக்கிற டைல்ஸ். நம்ம ஊருக்காரங்களுக்குத் தெரியும், கண்ணாடி மேல அச்சு வச்சு கலர் சிமெண்ட ஊத்தி, மேல மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, தண்ணித் தொட்டியில ஊற வச்சு காயப் போடுவாங்க, சூளையில சுடுறதே கிடையாது. அதனால மணல மாத்துனா கல்லோட பலம் மாறுமாங்கறது நியாயமான கேள்விதான். ரெண்டு வகை மணல் எடுத்தேன். ஒவ்வொன்னுக்கும் ஒரே ஒரு தடவ கலவை போட்டு அதுலேருந்து 15 கல்லு. 30 கல்லையும் உடைச்சு டி-டெஸ்ட் போட்டா டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் (மொத்த எண்ணிக்கையில குரூப் எண்ணிக்கைய கழிச்சது) 28, பக்கத்துல பி வேல்யூ ரொம்பக் கம்மின்னு காட்டுற ரெண்டு ஸ்டார். வைவாவுக்கு வெளியூர்லேருந்து வந்தவரு ஒன்னே ஒன்னுதான் கேட்டாரு, "கலவை எத்தனை தடவ போட்டீங்க?" மணலுக்கு ஒரு தடவன்னேன். "அப்ப சாம்பிள் சைஸ் ஒன்னுக்கு ஒன்னுதானப்பா"ன்னாரு.

ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்றோம். அது அந்தப் பானைக்குத்தான் பதம். அதே பானையிலேருந்து 15 பருக்கை எடுத்து நசுக்குனாலும் அந்த ஒரு பானையப் பத்திதான் இன்னும் தெளிவாத் தெரியும், இந்த அரிசியே எப்பவும் நல்லா வேகுமான்னு தெரியாது. என் முதல் கலவை செவ்வாக்கிழமை போட்டது, ரெண்டாவது வியாழக்கிழமை, ஊறுனது வேற தொட்டி. அன்னைக்கு தண்ணி ஒரு குவளை கூட விழுந்திருந்தாலே 15 கல்லும் ஒன்னா பலம் கொறஞ்சிருக்கும். நான் அளந்தது மணலயா, தண்ணியயா, தொட்டியயான்னு அந்த டேட்டாவ வச்சு பிரிக்கவே முடியாது. 1984ல ஹர்ல்பர்ட்னு ஒரு சூழலியல்காரர் இதுக்கு சூடோரெப்ளிகேஷன், அதாவது போலி மறுசோதனைன்னு பேரே வச்சு எழுதிட்டாரு, இத்தனை வருஷம் ஆகியும் இது ஓயல, அதான் எனக்குக் கோவம். கணக்கு போடுற எஸ்பிஎஸ்எஸ் சாஃப்ட்வேர் இத எச்சரிக்காது, அதுக்கு டேட்டாவோட ரோ (வரிசை) மட்டும்தான் தெரியும், எந்த ரோ எந்தப் பானையிலேருந்து வந்துச்சுன்னு நாமதான் சொல்லணும்.

தம்பிக்கு கணக்கு போட்டே காட்டுனேன். ஒரே கூட்டத்துக்குள்ள இருக்கவங்க எவ்வளவு ஒத்துப்போறாங்கங்கறதுக்கு ஐசிசின்னு ஒரு எண். கூட்டத்துல இருக்க ஆள்ல ஒன்ன கழிச்சு, ஐசிசியால பெருக்கி, ஒன்ன கூட்டி, வர்ற எண்ணால மொத்த சாம்பிள வகுக்கணும். ஐசிசி 0.2ன்னு வச்சுக்கிட்டா 1 + 39 × 0.2 = 8.8. 80 பேரு 9 பேரு அளவுக்குத்தான் தேறும். அதுவும் முறைக்கு ஒரே ஒரு கிளாஸ்னா ஜெயிச்சது முறையா, அந்த டீச்சரான்னு எந்த டெஸ்டாலயும் சொல்ல முடியாது.

நான் திரும்பப் பண்ணப்போ மணலுக்கு 6 கலவை, எந்தக் கலவை எந்த நாள்னு சீட்டு போட்டு எடுத்தேன், ஒவ்வொன்னுலயும் 3 கல்லு, மூணோட சராசரிய ஒரே எண்ணா வச்சு 6க்கு 6 டி-டெஸ்ட், டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் 10. பழைய ரெண்டு ஸ்டாரும் காணாமப் போச்சு. "அண்ணே ஆறுதானா, கைடு ஒத்துக்குவாரா"ன்னு தம்பி கேட்டாரு. டி-டெஸ்ட் பொறந்ததே சின்ன சாம்பிளுக்குத்தான், டப்ளின்ல கின்னஸ் பீர் கம்பெனியில வேலை பாத்த காசெட், ஸ்டூடண்ட்ங்கற புனைபேர்ல 1908ல எழுதுனது. நெசமான ஆறு பொய்யான எண்பதவிட எவ்வளவோ மேல். எந்த டெஸ்ட்டுக்கும் முன்னாடி ஒன்னு பண்ணுங்க, நீங்க மாத்திக் கொடுத்தது தனித்தனியா எதுக்குப் போச்சோ அத எண்ணுங்க. கலவைன்னா கலவை, கிளாஸ்னா கிளாஸ்.

"இதுல வந்துச்சு, அதுல வரல, அதனால வித்தியாசம் இருக்கு"

புது முறை குரூப்ல பாடத்துக்கு முன்னாடி மார்க்கையும் பின்னாடி மார்க்கையும் ஒப்பிடுற பேர்ட் டி-டெஸ்ட்ல பி வேல்யூ 0.03, பழைய முறை குரூப்ல 0.08, உடனே புது முறைதான் ஒசத்தின்னு முடிவு எழுதிடுறாங்க. ரெண்டு குரூப்ப நேருக்கு நேரா வச்சுப் பாக்கவே இல்லையே! பின் மார்க்க ரெண்டு குரூப்புக்கும் கம்பேர் பண்ணுங்க, முன் மார்க்க கோவேரியட்டா போட்டு அன்கோவா பண்ணுங்க, அதாவது முன்னாடியே இருந்த வித்தியாசத்த கணக்குல எடுத்துக்கிட்டு ஒப்பிடுற சோதனை. 0.03க்கும் 0.08க்கும் நடுவுல இருக்க தூரம் ரொம்பக் கம்மி.

4 குரூப்புக்கு 6 டி-டெஸ்ட்

ரெண்டு ரெண்டா ஜோடி சேத்தா ஆறு டெஸ்ட் வரும். வித்தியாசமே இல்லாட்டியும் ஒவ்வொன்னுலயும் 5% ஏமாற வாய்ப்பு, ஆறும் தனித்தனின்னு வச்சா ஒன்னாவது ஏமாத்த 26% வாய்ப்பு. முதல்ல எல்லா குரூப்பையும் ஒன்னா ஒப்பிடுற அனோவா, அப்புறம் எந்த ஜோடியில வித்தியாசம்னு சொல்ற டூக்கி டெஸ்ட்.

கை-ஸ்கொயர்ல சதவீதத்த போடுறது

கை-ஸ்கொயர் எத்தனை பேருன்னு எண்ணி ஒப்பிடுற சோதனை, எண்ணிக்கைய மட்டும் போடுங்க. 12 பேர்ல 9 பேர 75ன்னு போட்டா 100 பேர்கிட்ட கேட்ட மாதிரி ஆயிரும்.

நார்மாலிட்டிய பச்சை டேட்டாவுல பாக்குறது

டேட்டா மணி வடிவ நார்மல் வளைவுல இருக்கான்னு ரெசிட்யூவல்ல பாருங்க, அதாவது ஒவ்வொரு எண்ணுலயும் அதோட குரூப் சராசரிய கழிச்ச மிச்சத்துல.

படம் போடாம கோரிலேஷன்

1973ல ஆன்ஸ்கோம்ப் நாலு டேட்டா செட் குடுத்தாரு, நாலுலயும் ஆர், அதாவது ரெண்டு அளவு எவ்வளவு சேந்து மாறுதுன்னு சொல்ற கோரிலேஷன் எண், 0.816தான். படம் போட்டா ஒன்னு ஒழுங்கான சாய்வு, ஒன்னு வளைவு, ஒன்னுல ஒரே புள்ளி நேர்கோட்ட இழுத்து சாய்க்குது, கடைசியில புள்ளியெல்லாம் ஒரே செங்குத்துக் கோட்டுல நிக்க தூரத்துல ஒத்தப் புள்ளிதான் உறவையே உண்டாக்குது. ஸ்கேட்டர் பிளாட் (புள்ளிப் படம்) போட ஒரு நிமிஷம் போதும். தம்பிகிட்ட முன் மார்க்கு பின் மார்க்கு படத்த செக்‌ஷனுக்கு ஒரு கலர்ல போடச் சொன்னேன், ஏ செக்‌ஷன் புள்ளியெல்லாம் பாடம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே, முன் மார்க்கு கூடுதலா இருந்ததால, வலது பக்கம் ஒதுங்கி நின்னுச்சு. ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, தேவகோட்டை பக்கம் இன்னும் எத்தனை ஸ்கூல்ல கேக்கலாம்னு நோட்ட எடுத்தாரு.